யாருடைய வாகனம்? வடபுலத்தில் வாகனம் ஓட்டப் பழகியோரின் நினைவுகளும் சமூக வரலாறும்

1. நினைவும் உடைமையும்

வாகனம் ஓட்டப் பழகிய எவரும் தாம் முதன்முதற் பழகிய வாகனத்தை மறப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ வன்னியிலோ வாழும் முதியவர் ஒருவரிடம் இது பற்றி வினவினால், வாகனத்தின் பெயர், நிறம், இலக்கம், கியர் விழ மறுத்த சந்தி, பிறேக் பிடியாது வேலியில் மோதிய ஒழுங்கை ஆகிய யாவும் வரிசையாக வெளிவரும். அண்மைக்கால நிகழ்ச்சிகள் பலவற்றை மறந்துவிட்டோர்கூட, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் தாம் ஓட்டிய வாகனத்தின் இயந்திர ஒலியை வேறுபடுத்திக் கூற வல்லவர்களாய் இருக்கின்றனர். உழைப்பின் வழியாகப் பெற்ற அறிவு உடலிலேயே தங்கிவிடுகின்றது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இத்தகைய நினைவுகள் இதுகாலவரை பெரும்பாலும் ஓய்வுநேர உரையாடலுக்கு உரியனவாகவே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயின், அவற்றைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு நோக்கும்பொழுது முக்கியமான உண்மையொன்று புலப்படுகின்றது. நினைவு கூறுவோர் வாகனத்தைப் பற்றி எவ்வளவோ கூறுகின்றனர். அது யாருடைய வாகனம் என்பதை மாத்திரம் கேட்டாலன்றிக் கூறுவதில்லை. கேட்குமிடத்து, பலரது விடையும் ஒரே தன்மையதாகவே அமைகின்றது. அது முதலாளியின் லொறி, ஐயாவின் கார், சபையின் பஸ், வயற்காரரின் உழவு இயந்திரம். ஓட்டியவரின் சொந்த வாகனமாக அது இருந்தமை அரிது.

ஓட்டும் திறன் ஒருவரிடமும் ஓட்டப்படும் வாகனம் வேறொருவரிடமும் இருந்த இந்நிலையே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றது. போக்குவரத்தை உற்பத்தியினின்றும் வேறான ஒன்றாக மார்க்ஸ் கொள்ளவில்லை. ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் பாகத்தில் அவர் போக்குவரத்துத் தொழிலை உற்பத்தித் தொழில்களுள் ஒன்றாகவே கணிக்கின்றார். இடமாற்றமே அத்தொழில் விற்கும் பயன் என்பதும், அப்பயன் போக்குவரத்து நிகழும் அக்கணத்திலேயே நுகரப்படுகின்றது என்பதும் அவர் காட்டிய உண்மைகளாகும். எனவே, சாரதி ஓர் உற்பத்தித் தொழிலாளி. அவர் கையாளும் வாகனம் உற்பத்திச் சாதனம். ஒருவர் எந்த வாகனத்தில் ஓட்டப் பழகினார் என்ற வினா, அவர் உற்பத்திச் சாதனத்தை எவ்வுறவின் மூலம் அணுகினார் என்ற வினாவாகவும் அமைகின்றது. இந்நோக்கில், இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட வடபுலத்தை எடுத்துக்கொண்டு, கார், லொறி, அரச பஸ், உழவு இயந்திரம் என்னும் நான்கினையும் முறையே நோக்குவோம்.

2. வீட்டுக் கார்

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிய புகையிரதப் பாதை 1905இல் முழுமை பெற்றது. அதன் பின்னரும் குடாநாட்டின் உள்ளூர்ப் போக்குவரத்து நெடுங்காலம் மாட்டுவண்டியையே சார்ந்திருந்தது. மோட்டார் வாகனம் முதலிற் குடியேற்ற ஆட்சியின் அதிகாரிகளுக்கும், பின்னர் வழக்குரைஞர், வைத்தியர், பெருவணிகர், மலாயாவிலே சேவையாற்றி ஓய்வூதியத்துடன் திரும்பியோர் ஆகியோருக்கும் உரியதாயிற்று. கார் வைத்திருத்தல் செல்வத்தின் அடையாளமாக மட்டுமன்றி, ஆங்கிலக் கல்வியின் பயனாகப் பெற்ற சமூக மதிப்பின் அடையாளமாகவும் விளங்கிற்று.

போருக்குப் பின்னர் இங்கு பெருகிய கார்களுள் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகிய இரண்டும் முதன்மையானவை. ஏ-40 டெவன் 1947இலும், மொறிஸ் மைனர் 1948இலும் பிரித்தானியாவில் உற்பத்தி செய்யப்படத் தொடங்கின. அவை இங்கு வந்தமைக்குக் காரணம் எம்மவரின் விருப்பம் மட்டுமன்று. போரினாற் கடனாளியாகிய பிரித்தானியா, டொலர் பற்றாக்குறையைச் சமாளிக்கும்பொருட்டு மோட்டார் உற்பத்தியாளர்களை ஏற்றுமதிக்கு நெருக்கியது. ஏற்றுமதியின் அளவை நோக்கியே கம்பனிகளுக்கு உருக்கு பங்கீடு செய்யப்பட்டது. 1948இல் அரசியற் சுதந்திரம் பெற்ற இலங்கையின் வீதிகளிற் பிரித்தானியக் கார்கள் நிறைந்தமைக்கு இப்பொருளாதாரப் பின்னணியும் ஒரு காரணமாகும்.

இக்கார்களில் ஓட்டப் பழகுதல் எளிதன்று. முதலாங் கியருக்கு ஒத்திசைவுப் பற்கள் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தை அக்கியருக்கு மாற்றுவதாயிற் கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டி, ஒலியைக் கேட்டுக் கியரைப் போடவேண்டும். பற்றரி தளர்ந்தால் முன்புறத்திற் கைபிடியைச் செருகிச் சுழற்றியே இயந்திரத்தை உயிர்ப்பிக்க வேண்டும். காதாலும் காலாலும் பழகவேண்டிய இவ்வித்தையைப் பல வீடுகளிற் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் வீட்டுச் சாரதியே ஆவார்.

இங்கே கற்பித்தலின் மரபான உறவு தலைகீழாகியமை கவனிக்கத்தக்கது. ஆசிரியராயிருந்த சாரதி, ‘தம்பி, கிளச்சை மெல்ல விடுங்கோ’ என மரியாதைப் பன்மையிற் கூறினார். மாணவனாயிருந்த வீட்டுப்பிள்ளை, தன்னிலும் இருபது முப்பது வயது மூத்த ஆசிரியரைப் பெயர் சொல்லி, ‘நீ’ என ஒருமையில் விளித்தான். குருவை வணங்கும் மரபைப் பெருமையுடன் பேசிய சமூகம், உடலுழைப்பைக் கற்பித்தவரைக் குருவாக ஏற்கவில்லை. பல ஆண்டுகளின் பின்னர் அப்பிள்ளை எழுதும் நினைவுக் குறிப்பிற் காரின் நிறமும் இலக்கமும் இடம்பெறுகின்றன. கற்பித்தவரின் பெயர் இடம்பெறாமற் போவதுண்டு.

பெண்களின் நிலை இதனின்றும் வேறுபட்டது. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தில் உத்தியோக மாப்பிள்ளைக்குச் சீதனமாகக் கார் வழங்கும் வழக்கம் நிலவிற்று. பெண்ணின் பெற்றோர் பணங்கொடுத்து வாங்கிய அக்காரில், அப்பெண் பெரும்பாலும் பின்னாசனத்திலேயே அமர்ந்தாள். அவள் பெயரால் வந்த உடைமையை ஓட்டும் திறன் அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை. சாரதிக்குத் திறனிருந்தது, உடைமையில்லை. மனைவிக்குப் பெயரளவில் உடைமையிருந்தது, திறனில்லை. இவ்விரு குறைகளும் ஒரே காரினுள் முன்னும் பின்னுமாக அமர்ந்து பயணஞ் செய்தன எனலாம். துவிச்சக்கர வண்டியும், பின்னர் ஐம்பது சி.சி. மோட்டார் சைக்கிளும் பெண்களின் அன்றாடப் பாவனைக்கு வந்தபொழுதே அவர்களிற் பலர் தாமே செலுத்தும் வாகனத்தை முதன்முதலாகப் பெற்றனர். தாம் முதலில் ஓட்டிய வாகனம் எதுவென்று ஆசிரியையொருவரிடம் வினவினாற் பெறப்படும் விடை, அவர்தம் தமையனின் விடையினின்றும் ஒரு தலைமுறை பிந்தியதாக இருப்பதற்கு இதுவே காரணமாகும்.

3. தொடக்கூடாத வாகனம்

சாதி பற்றிப் பேசாது வடபுலத்து வாகன வரலாற்றை எழுதுதல் இயலாது. 1968இன் மாவிட்டபுர ஆலயப் பிரவேச நெருக்கடி பற்றி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பிறையன் பாஃபன்பேகர், 1990இல் வெளியிட்ட தமது கட்டுரையில், 1940களிலும் 1950களிலும் ஒடுக்கப்பட்ட தமிழர் மீது சுமத்தப்பட்டிருந்த தடைகளை நிரற்படுத்தியுள்ளார். ஆலயத்தினுள் நுழைதல், உயர்சாதியினரின் கிணற்றில் நீரள்ளுதல், தேநீர்க்கடைக்குட் செல்லுதல் ஆகியவற்றோடு, வாடகைக் காரில் ஏறுதல், பஸ்ஸில் ஆசனத்தில் அமர்தல், துவிச்சக்கர வண்டியோ காரோ சொந்தமாக வைத்திருத்தல் என்பனவும் அத்தடைகளுள் அடங்கும்.

இந்நிரலிலே வாகனங்கள் இத்துணை இடம்பெறுவது தற்செயலன்று. கிணறும் கோயிலும் நிலைத்த இடங்கள். அவற்றை வேலியிட்டுக் காக்கலாம். வாகனமோ அந்நியர் பலரை அருகருகே இருத்துவது. எல்லைகளைக் கடந்து செல்வது. ஏறுபவரை நிலமட்டத்தினின்றும் உயர்த்துவது. தெருவிலே தோளில் துண்டு போடவும் செருப்பணியவும் அனுமதியாத சமூகத்தில், ஒடுக்கப்பட்ட ஒருவர் துவிச்சக்கர வண்டியில் அமர்ந்து செல்லுதல் ஒழுங்கையே குலைக்கும் செயலாகக் கருதப்பட்டது.

இத்தடைகள் தாமாக விலகவில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களில் இடம்பெறும் சாதித் தடைகளைக் குற்றமாக்கிற்று. ஆயினும், 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் நடத்திய தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களுமே சட்டத்திற்கு உயிரூட்டின. அவ்வூர்வலம் கால்நடையாகச் சென்ற ஊர்வலம் என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமானது. வாகனத்திற்கான உரிமையை மக்கள் நடந்தே பெற்றனர்.

எனவே, ‘நான் முதலிற் பழகியது மொறிஸ் மைனர்’ என ஒருவர் கூறும்பொழுது, அதே ஊரில், அதே ஆண்டில், அக்காரின் கதவைத் தொடவும் அனுமதிக்கப்படாத இன்னொருவர் இருந்திருக்கக்கூடும் என்பதையும் நாம் உடன் எண்ணவேண்டும். அவருடைய நினைவும் வாகனம் பற்றிய நினைவே.

4. லொறியும் கிளீனரும்

காரின் கதவு அடைக்கப்பட்டிருந்தவர்களுக்கும், உடைமையற்ற ஏனையோருக்கும் திறந்திருந்த வழி லொறியாகும். வடபுலத்தின் புகையிலை, வெங்காயம், மிளகாய் முதலியன தெற்கு நோக்கியும், தெற்கின் பண்டங்கள் வடக்கு நோக்கியும் கண்டி வீதி வழியாகச் சென்றன. குடாநாட்டினுள்ளே தட்டிவான் ஓடிற்று. வெளிநாட்டு அடிச்சட்டத்தின் மீது உள்ளூர்த் தச்சர் மரத்தாற் கட்டிய உடலும், பின்புறத்தில் மடித்து விரிக்கும் தட்டியும் கொண்ட அவ்வாகனம், கொடிகாமம் – பருத்தித்துறை வீதியில் மனிதரையும் தேங்காயையும் மீன்கூடையையும் ஒருங்கே சுமந்தது.

லொறியில் ஓட்டப் பழகுதற்கு எழுதப்படாத பாடத்திட்டமொன்று இருந்தது. பதினான்கு பதினைந்து வயதிற் கிளீனராகச் சேரும் சிறுவன், முதலில் வாகனத்தைக் கழுவவும், றேடியேற்றருக்குத் தண்ணீர் விடவும், சில்லுக்குக் கட்டை போடவும் பழகினான். அடுத்துச் சுமையேற்றுதல், கயிறு வரிதல், மழைக்குப் படங்கு கட்டுதல் என்பன. இரவுப் பயணத்திற் சாரதியை உறங்கவிடாது பேச்சுக்கொடுப்பதும் அவன் கடமையே. பின்னர், முதலாளி இல்லாத வேளையில் வளவினுள் லொறியை முன்னும் பின்னும் நகர்த்தச் சாரதி அனுமதிப்பார். ஈற்றில், நள்ளிரவின் பின்னர் ஆளரவமற்ற வன்னிக் காட்டு வீதியில் ஸ்ரியறிங் அவன் கைக்கு வரும். சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெறும் வயதை அடையுமுன்னரே பலர் கைதேர்ந்த சாரதிகளாயினர்.

இந்த நள்ளிரவுப் பயிற்சியைக் கூறுவோர் பெருமையுடனேயே கூறுகின்றனர். அப்பெருமை நியாயமானதே. ஆயினும், அதன் பொருளாதார உள்ளடக்கம் தெளிவானது. சாரதி களைத்து உறங்கிய வேளையிற் கிளீனர் ஓட்டியமையால் லொறி நிற்காது சென்றது. ஒரு கூலிக்கு இருவரின் உழைப்பு முதலாளிக்குக் கிடைத்தது. பயிற்சி என்ற பெயரில் நிகழ்ந்தது கூலியற்ற உழைப்பு. விபத்து நேர்ந்தாற் பொறுப்பு சாரதியின் தலையில் விழுந்தது. அனுமதிப்பத்திரமற்ற சிறுவன் ஓட்டியதை முதலாளி அறியாதவராகிவிடுவார்.

அதேவேளை, இம்முறையின் வேறொரு பக்கத்தையும் நாம் மறத்தலாகாது. சாதிக்குரியதென விதிக்கப்பட்ட குலத்தொழிலினின்றும் விடுபட இளைஞர் பலருக்கு லொறி வழிசெய்தது. ஸ்ரியறிங் பிடிக்கும் கைக்குப் பரம்பரை உரிமை இல்லை. பழகியவர் எவரும் ஓட்டலாம். வவுனியாவிற்கு அப்பால் அவனது சாதியை அறிந்தவர் எவருமில்லை. அவன் ‘றைவர்’ மட்டுமே. முதலாளித்துவம் பழைய தளைகளைத் தளர்த்திக்கொண்டே புதிய தளையைப் பூட்டுகின்றது என்ற பொதுவிதி, கண்டி வீதியிலே இவ்வாறு செயற்பட்டது.

5. சபையின் பஸ்

பஸ் போக்குவரத்து 1958 வரை தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது. 1942ஆம் ஆண்டின் பஸ் சேவை அனுமதிக் கட்டளைச் சட்டம், வீதிக்கு ஒரு சேவையாளர் என்ற அடிப்படையில் உரிமங்களை ஒழுங்குபடுத்தியமையால், முதலாளிகள் தத்தம் வீதிகளில் ஏகபோகம் பெற்றனர். 1957ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958 சனவரி முதலாம் நாள் சேவையைத் தொடங்கிற்று. இடதுசாரி இயக்கம் நெடுங்காலம் வற்புறுத்திவந்த கோரிக்கையொன்று அன்று நிறைவேறியது.

லொறியிற் பழகிய இளைஞன் சபையிற் சாரதியாகச் சேர்ந்தபொழுது அவனது நிலையில் ஏற்பட்ட மாற்றம் பெரிது. வேலைநேரம், விடுமுறை, சீருடை, தொழிற்சங்கம் ஆகியன அவனுக்குக் கிடைத்தன. அதே 1958இலேயே ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் நிறைவேறிற்று. வாகனம் இப்பொழுதும் அவனுடையதன்று. ஆயின், குறிப்பிட்ட தனிமனிதர் எவருடையதுமன்று. ‘எங்கட பஸ்’ என முதிய சாரதிகள் இன்றும் கூறுவதிற் பொதுவுடைமையின் தொலைவான சாயலொன்றைக் காணலாம்.

புதிய சூழலிற் பழைய திறனும் மாற்றம் பெறவேண்டியிருந்தது. சபை, லண்டன் நகரிற் பாவித்துக் கழித்த இரட்டைத்தட்டு பஸ்களைப் பெருந்தொகையாக வாங்கிற்று. அவற்றின் கியர் அமைப்பு வேறானது. சாரதி அடுத்து வேண்டிய கியரைச் சிறு நெம்பினால் முற்கூட்டியே தெரிவுசெய்து வைத்துக்கொள்வார். மாற்றவேண்டிய கணத்திற் காற்பெடலை ஒருமுறை மிதித்தாற் கியர் தானே மாறும். கிளச்சை இருமுறை மிதித்துப் பழகிய லொறிச் சாரதிகள் அதில் மீண்டும் மாணவராயினர். ஒரு நாட்டின் நகரத் தொழிலாளருக்காக அமைக்கப்பட்ட வாகனம், அந்நாடு அதைக் கழித்தபின்னர், முன்னாட் குடியேற்ற நாட்டின் தொழிலாளரது பாடசாலையாயிற்று.

ஆனால், 1958ஐ வெற்றியின் ஆண்டாக மாத்திரம் வடபுலம் நினைவிற் கொள்ள முடியாது. இலக்கத்தகடுகளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து 1957இற் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அவ்வெழுத்தைத் தாங்கிய சபையின் பஸ்கள் 1958 மார்ச்சில் யாழ்ப்பாணத்திற்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சியினர் அவ்வெழுத்தைத் தார்பூசி அழித்தனர். தெற்கிலே தமிழ் எழுத்துகள் தார்பூசி அழிக்கப்பட்டன. ஏப்ரலிற் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனவன்செயல் வெடித்தது.

தேசியமயம் என்ற முற்போக்கான நடவடிக்கையும் மொழி ஒடுக்குமுறை என்ற பிற்போக்கான நடவடிக்கையும் ஒரே பஸ்ஸில் ஏறி வடக்கிற்கு வந்தன. இடதுசாரிகளிற் சிலர் முதலாவதை மட்டும் கண்டனர். தேசியவாதிகளிற் பலர் இரண்டாவதை மட்டும் கண்டனர். அந்த பஸ்ஸை ஓட்டிய தமிழ்த் தொழிலாளி இரண்டையும் ஒருங்கே அனுபவித்தான். அவனுக்கு முதன்முதலாக மாதச் சம்பளமும் உரிமையும் தந்த வாகனத்தின் நெற்றியில், அவனது மொழியை மறுக்கும் எழுத்து இருந்தது. இலங்கை இடதுசாரி இயக்கம் இம்முரண்பாட்டை உரிய காலத்தில் உரியவாறு தீர்க்கத் தவறியமையின் விளைவுகளை இந்நாடு பின்னர் கண்டது. அச்சாரதியின் நினைவை அன்றே செவிமடுத்திருப்பின், வர்க்கப் போராட்டமும் மொழியுரிமையும் வெவ்வேறு வீதிகளிற் செல்லவேண்டியன என்ற மயக்கம் நீடித்திராது.

6. வயலில் இறங்கிய இயந்திரம்

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் விளைவாக, ஒஸ்ரினும் மொறிசும் தந்தையிடமிருந்து மகனுக்கும் பேரனுக்குமாகக் கைமாறின. உதிரிப்பாகங்களை உள்ளூர்ப் பட்டறைகளே கடைந்து கொடுத்தன. ஆயின், விவசாயத்திற்கான இயந்திரங்கள் தொடர்ந்து வந்தன. நான்கு சில்லு மஸி பெர்குசனும், ‘லான்ட்மாஸ்டர்’ எனப் பொதுப்பெயராகவே வழங்கிய இருசில்லு உழவு இயந்திரமும் வன்னியின் வயல்களில் இறங்கின. இரணைமடுவை அண்டிய குடியேற்றங்களிலும், முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற படித்த வாலிபர் திட்டங்களிலும் ஒரு தலைமுறை அவற்றிலேயே ஓட்டப் பழகிற்று. 1970 – 77 காலப்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டமையால் இப்பயிர்ச்செய்கை பெருவளர்ச்சி கண்டது.

உழவு இயந்திரத்திற் பழகியோரின் நினைவு காரிற் பழகியோரின் நினைவினின்றும் வேறுபடுகின்றது. அவர்கள் வீதியைப் பற்றியல்ல, மண்ணைப் பற்றிப் பேசுகின்றனர். எந்த ஈரப்பதத்திற் சில்லுப் புதையும், எந்த வரம்பில் வண்டி கவிழும் என்பனவே அவர்களது பாடங்கள். பணமும் ஏக்கர்க் கணக்கிலேயே பேசப்பட்டது. இயந்திரம் வைத்திருந்தவர் அயலவரின் வயலைக் கூலிக்கு உழுவித்து மூலதனம் சேர்த்தார். ஓட்டியவர் உழுத ஏக்கருக்கு இவ்வளவெனப் பெற்றார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1958, 1977 வன்செயல்களின் பின்னர் வன்னியில் வந்து குடியேறிய மலையகத் தமிழரிற் பலர் இப்பண்ணைகளிற் கூலிகளாயினர். தேயிலைத் தோட்டத்தில் துரையின் மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கி நின்றவரின் மகன், வன்னியிலே காணியற்ற கூலியாக நின்று பிறரின் உழவு இயந்திரத்தை ஓட்டப் பழகினான். ஓட்டியவனுக்கு நிலமும் இல்லை, இயந்திரமும் இல்லை, நெடுங்காலம் குடியுரிமையும் இல்லை.

7. மண்ணெண்ணெயிற் பழகியோர்

1990 சூனில் மீண்டும் போர் மூண்டதைத் தொடர்ந்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோலும் டீசலும் தடுக்கப்பட்டன. இந்நிலையிலேயே பழைய ஒஸ்ரினும் மொறிசும் புதுவாழ்வு பெற்றன. காபுரேற்றருள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் முறை எங்கும் பரவிற்று. பழைய இயந்திரங்களின் அழுத்த விகிதம் குறைவு. ஆதலின் தாழ்ந்த தர எரிபொருளை அவை ஏற்றன. நவீன இயந்திரங்களுக்கு அது எளிதில் இயலாது. 1949இலேயே பெர்குசன் நிறுவனம் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடும் உழவு இயந்திரமொன்றை உற்பத்தி செய்திருந்தது. அதே தத்துவத்தை, தடையின் நெருக்குதலால், எமது பட்டறைத் தொழிலாளர் கார்களிற் செயற்படுத்தினர்.

அக்காலத்தில் ஓட்டப் பழகியோரின் நினைவிற் கரும்புகையும், மண்ணெண்ணெய் நெடியும், நின்றுவிட்டால் மீண்டும் தொடங்கத் துளி பெற்றோல் கிடையாதென்ற அச்சமும் கலந்துள்ளன. நோயாளரை ஏற்றிச் சென்றவை அவ்வாகனங்களே. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி ஒரே இரவில் வெளியேறியபொழுது, நடந்தோருக்கும் துவிச்சக்கர வண்டிகளை உருட்டியோருக்கும் இடையே உழவு இயந்திரங்களும் பழங்கார்களும் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தன. ‘அப்பாச்சியை ஏற்றிக்கொண்டு செம்மணியைக் கடந்ததே எனது முதல் ஓட்டம்’ என்று கூறக்கூடிய தலைமுறையொன்று எம்மிடையே உண்டு. அவர்களது நினைவைப் பழங்கார்ப் பிரியரின் மகிழ்ச்சிக் குறிப்புகளோடு ஒன்றாக அடுக்குதல் பொருந்தாது.

இங்கு குறிக்கத்தக்கது யாதெனில், தடைக்காலத்தில் உடைமையாளருக்கும் திறனாளருக்கும் இடையிலிருந்த சமநிலை சற்று மாறியமையாகும். மண்ணெண்ணெயில் ஓட்டத் தெரிந்த சாரதியும் மெக்கானிக்கும் இல்லாவிடிற் கார் வெறும் இரும்பு. உடைமை திறனிடம் கெஞ்சி நின்ற அரிய காலம் அது. ஆயினும், அத்தகைய சமத்துவத்தைப் பெறுவதற்கு ஒரு மக்கட்கூட்டம் முற்றுகையிடப்பட வேண்டியிருந்தது என்பதை எண்ணும்பொழுது, அதனைக் கொண்டாட மனம் இடந்தரவில்லை.

8. முழு உரிமையாளர்

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை தனியார் வாகனங்களைப் பெருக்கிற்று. பஸ் சேவையிலும் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். வடக்கில் இம்மாற்றத்தின் முழுவீச்சு போர் முடிந்த 2009இன் பின்னரே உணரப்பட்டது. பாதை திறந்ததும் நிதிக் கம்பனிகள் கிளைகளைத் திறந்தன. லீசிங் முறையில் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் எளிதிற் கிடைத்தன. தாம் முதன்முதல் ஓட்டப் பழகிய வாகனம் தம்முடையதே எனக் கூறும் தலைமுறையொன்று இப்பொழுதே தோன்றியுள்ளது போற் காட்சியளிக்கின்றது.

ஆனால், அவ்வாகனத்தின் பதிவுச் சான்றிதழைப் பார்த்தல் வேண்டும். அதிற் பதிவு பெற்ற உரிமையாளர் என்ற இடத்தில் ஓட்டுபவரின் பெயரும், முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயரும் இருக்கும். தவணைகள் சில தவறினால் வண்டியைக் கைப்பற்ற ஆட்கள் வருவர். முன்னர் முதலாளியின் லொறியை ஓட்டியவன், லொறி பழுதானால் முதலாளி திருத்துவார் என இருந்தான்; இன்று முச்சக்கர வண்டி ஓட்டுபவன் திருத்தச் செலவையும் வட்டியையும் தானே சுமக்கின்றான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டபொழுதும், 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபொழுதும் தவணை நிற்கவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், புதிய வாகனங்களோடு புதிய கடன்களும் வந்தன. சுயதொழில் எனப்படும் இவ்வுறவில் உடைமை ஒரு தோற்றம். கூலியுழைப்பே அதன் உள்ளடக்கம்.

9. செய்யவேண்டியது

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வடபுலத்தில் வாகனம் ஓட்டும் திறன் எண்பது ஆண்டுக் காலத்திற் சாதி, பால் ஆகிய வேலிகளைத் தாண்டி விரிந்து பரவியுள்ளது. வாகனத்தின் உடைமை அவ்வாறு பரவவில்லை என்பது தெளிவாகும். அவ்விடைவெளியைக் காட்டும் ஆவணங்கள் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேடுகளில் முழுமையாக இரா. அவை ஓட்டியோரின் நினைவிலேயே உள்ளன.

லொறியிற் கிளீனராகச் சேர்ந்து, 1960களிற் சபையின் சாரதிகளாகிய தலைமுறையினரில் எஞ்சியோர் இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டனர். ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் இருக்கும் இக்காலத்தில், அவர்களது நினைவைத் திரட்டப் பெரும்பணம் வேண்டியதில்லை. சரியான வினாக்களே வேண்டும். எந்த வாகனத்திற் பழகினீர்கள் என்பதோடு, அது யாருடையது, கற்பித்தவர் யார், அவரை எவ்வாறு அழைத்தீர்கள், பழகிய காலத்திற் கூலி எவ்வளவு, வீட்டுப் பெண்களில் யார் பழகினர், எப்பொழுதாவது அவ்வாகனத்தின் ஆசனத்தில் அமர யாரேனும் மறுக்கப்பட்டனரா என்பனவும் கேட்கப்படல் வேண்டும். எமது பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்கள் தத்தம் ஊரிலே இரண்டு சாரதிகளைச் சந்தித்தாலே போதும். கார் வைத்திருந்தோரின் நினைவுக் குறிப்புகளுக்கு அருகே வைத்துப் படிக்கக்கூடிய வேறொரு தொகுதி ஓராண்டினுள் உருவாகிவிடும். அத்தொகுதியிற் சாரதியின் பெயர் கட்டாயம் எழுதப்படுதல் வேண்டும்.